அத்தை கடலுக்குப் போன மார்கழி

என் மாமியார் பனிக்காலம் முழுவதும் ஒரு நூல் பேலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் தூங்குவாள். தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள், அவை சரிந்துவிடும். நெல் மூட்டையை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது முதுகில் குத்தும். ஆலையில் அழுத்திக் கட்டி இரும்புப் பட்டை போட்டு வரும் நூல் பேல் மட்டும் சரியாது, குத்தாது, முதுகுக்கு இதமாகவும் இருக்கும். அதன்மேல் ஒரு பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டுச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் விற்பனைக்கு இல்லாத பேல் அது ஒன்றுதான். கார்த்திகை பிறந்ததும் அத்தை அதன்முன் வந்து உட்காருவாள். மாசி பாதி கழிந்த பிறகுதான் மறுபடி தரையில் பாய் விரித்துப் படுப்பாள்.

நான் வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது சுதந்திரம் வந்த புதிதில். எங்கள் ஊர் மலையடிவாரம், பனிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பனிக்கு ஒரு சத்தம் உண்டு என்பதைச் சங்கரன்கோவிலில்தான் தெரிந்துகொண்டேன். அது அத்தையின் நெஞ்சிலிருந்து வந்தது. ஓட்டை விழுந்த துருத்தியைக் கொல்லன் விடாமல் அமுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. மூச்சை இழுக்கும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் கேட்கும். முதல் மார்கழியில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து நான் அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தேன். அத்தை கையசைத்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். பேசுவதற்கு மூச்சில்லை. இரண்டிரண்டு வார்த்தையாக, நடுநடுவே நிறுத்தித்தான் சொல்லி முடித்தாள்.

"பயப்படாத மக்கா. சத்தந்தான் பெருசு. உள்ள ஆளு நல்லாத்தான் இருக்கேன்."

ஆள் நன்றாகத்தான் இருந்தாள். மாமா காலமானபோது என் வீட்டுக்காரருக்கு மீசை முளைக்காத வயசு, அவருடைய தம்பி இன்னும் சின்னவர். நூல் கடையை விற்றுவிடு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். அத்தை விற்கவில்லை. வெள்ளைச் சேலையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்றபடியே நெசவாளர்களிடம் பேசி, நூல் கொடுத்து, துணி வாங்கி, கடையை நிலைநிறுத்தினாள். வீட்டின் முன்னறைதான் கடை. அதற்கடுத்த கூடமான பட்டாசாலையில் கூரைவரை பேல்கள் அடுக்கியிருக்கும். அந்தப் பேல்களின் ஓரமாகத்தான் நாங்கள் நடப்போம், சாப்பிடுவோம், தூங்குவோம். அத்தைக்கு யாரைப் பார்த்தாலும் ஒரு பட்டப்பெயர் தோன்றிவிடும். தெருவில் ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. சிரிக்கத் தொடங்கினால் பாதியில் இருமல் வந்து சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டு போகும். கண்ணில் நீரோடு, சொல்ல வந்த மிச்சத்தைக் கையாலேயே சொல்லி முடிப்பாள்.

தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்தோம். கண்டங்கத்திரி கஷாயம் கொடுத்தோம். ஊமத்தை இலையை உலர்த்தி எரித்துப் புகை பிடிக்கச் சொன்னார் ஒரு வைத்தியர். புகை பிடித்து முடித்ததும் கொஞ்ச நேரம் மூச்சு இறங்கும், மறுபடி ஏறிக்கொள்ளும். ஊசி போட்ட டாக்டர், பனி இல்லாத இடத்துக்கு ஒரு மாசம் போய் இருந்து பாருங்கள் என்றார். பனி இல்லாத இடத்துக்கு நாங்கள் எங்கே போவது என்று எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டோம்.

பேசாமல் இருக்காதவர் கொழுந்தனார். யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போய் அங்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு திரும்பியவர் அவர். பட்டாளத்தார் கழித்துப்போட்ட ஒரு பழைய வேனை ஏலத்தில் எடுத்து, பச்சை நிறம் கூட மாற்றாமல், ராஜபாளையம் சந்தைக்கும் சிவகிரிக்கும் சாமான் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். வேனோடு ஒரு கித்தான் கூடாரமும் அவருக்குக் கிடைத்திருந்தது. ஒரு நாள் சாப்பிட்டு எழுந்ததும், அம்மையைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்றார். யுத்தகாலத்தில் கடலோரமாகக் கூடாரம் போட்டு ஒரு பனிக்காலம் முழுக்கக் கிடந்தவராம். மார்கழியிலும் அங்கே போர்வை தேவைப்படவில்லையாம். என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. கடற்காற்று இளைப்புக்கு ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். அதோடு, தாலியறுத்தவளைக் கூட்டிக்கொண்டு பையன்கள் காற்று வாங்கப் போகிறார்கள் என்று தெரு சிரிக்கும் என்றார். தெருவின் வாயை மூட அத்தையே ஒரு வழி சொன்னாள். திருச்செந்தூர் முருகனுக்கும் கன்னியாகுமரி அம்மனுக்கும் ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றாள். அப்படி ஒரு நேர்த்திக்கடன் கிடையவே கிடையாது. முருகன் கோவிச்சுக்கிட மாட்டான் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

மார்கழி பிறந்ததும் புறப்பட்டோம். நான்கே பேர்: அத்தை, என் வீட்டுக்காரர், கொழுந்தனார், நான். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு தூக்குச்சட்டி நிறையப் புளியோதரை, பாய்கள். பேல்மேல் கிடந்த ஜமுக்காளத்தை, பாத்திரங்கள் உருண்டு சத்தம் போடாமலிருக்க, அவற்றின்மேல் சுற்றிக் கட்டினேன். அத்தை முன்சீட்டில்தான் உட்காருவேன் என்றாள். திருநெல்வேலி போகும்வரை மூச்சு வாங்கிக்கொண்டேதான் வந்தாள். ஆனால் கண்ணாடி வழியாக வரும் ஊர்களின் பெயரையெல்லாம் மகனிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் சங்கரன்கோவிலைத் தாண்டித் தன் பிறந்த ஊரான சிவகிரிக்கு மட்டுமே போயிருக்கிறாள். நானும் கடலைப் பார்த்ததில்லை.

திருச்செந்தூரில் கோயிலுக்குப் போய்ச் சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டு, அன்று சத்திரத்தில் தங்கினோம். அங்கேயும் இளைப்பு இருந்தது. என் வீட்டுக்காரர் நான் சொன்னேன் அல்லவா என்பதுபோலத் தம்பியைப் பார்த்தார். மறுநாள் குலசேகரப்பட்டினம், மணப்பாடு என்று கரையை ஒட்டித் தெற்கே போனோம். மணப்பாட்டில் குன்றின்மேல் இருந்த மாதா கோயிலை அத்தை கீழிருந்தே கும்பிட்டாள். பெரியதாழை தாண்டியதும் சாலை என்று சொல்ல எதுவும் இல்லை. அந்தப் பக்கம் தேரி என்பார்கள். ரத்தச் சிவப்பில் மணல்மேடு, நடுவே பனைகள். சக்கரம் அந்த மணலில் அச்சுவரை புதைந்துவிட்டது. கொழுந்தனார் வண்டியை உறும வைக்க வைக்க இன்னும் இறங்கியது. கடைசியில் பக்கத்துக் கடற்கரையூரிலிருந்து ஆட்கள் வந்து, பனையோலைகளை வெட்டிச் சக்கரத்துக்கடியில் பாய்போல விரித்து, தோள் கொடுத்துத் தள்ளி எடுத்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் வேறெங்கும் போக முடியாது என்று அவர்களே சொல்லி, ஊருக்கு வெளியே ஒரு மணல்திட்டைக் காட்டினார்கள். கூடாரம் அங்கே எழும்பியது. ஒருபக்கக் கித்தானைச் சுருட்டிக் கட்டிவிட்டால் நேரே கடல். தலையணை அடுக்க வழியில்லாததால் மணலையே குவித்து, அதன்மேல் பாய் போட்டு, அத்தையைச் சாய்த்து உட்கார வைத்தோம்.

காலையில் நான் கண் விழித்தபோது சூரியன் நன்றாக ஏறிவிட்டிருந்தது. எங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து உட்கார்ந்திருப்பவள் அத்தைதான், அன்றைக்கு உட்கார்ந்திருக்கவில்லை. சாய்ந்த மணற்குவியல் நொறுங்கித் தரையோடு தரையாகிவிட்டிருக்க, அவள் மல்லாந்து கிடந்தாள். கைகள் இரண்டும் பக்கத்தில் விரிந்து கிடந்தன. சத்தம் இல்லை. அலையின் சத்தத்தை விலக்கிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன், அந்தத் துருத்திச் சத்தம் இல்லவே இல்லை. என் வீட்டுக்காரரும் அதற்குள் எழுந்துவிட்டார். அவர் தன் அம்மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கூடாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கிட்டே போக அவருக்குத் தைரியம் வரவில்லை. நான்தான் ஊர்ந்து போய் அத்தையின் கன்னத்தைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"சும்ம கிடக்க விடுங்களேன். நான் இப்படிப் படுத்து எத்தன மார்கழி ஆச்சு."

என் வீட்டுக்காரர் கூடாரத்தைவிட்டு வெளியே போய்விட்டார். கொஞ்சநேரம் கழித்துப் பார்க்கும்போது, தண்ணீரில் முட்டளவு இறங்கி நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அது கிறிஸ்தவ மீனவர் ஊர், ஆனால் அங்கேயே தங்கும் சாமியார் கிடையாது. சாமியார் மாசத்துக்கு ஒருமுறை வருவார், மற்ற நாளெல்லாம் கோயிலில் ஜெபம் சொல்லி வைப்பவர் ஓர் உபதேசியார். அவருடைய சம்சாரம் எங்களைப் பார்க்க வந்தாள். அத்தையின் வயதுதான் இருக்கும், கறுத்து உயர்ந்த உருவம், காதில் கனத்த பாம்படம். மீன் சேர்க்காத ஆட்கள் என்று எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டு திரும்பிப் போனவள், குயவர் வீட்டிலிருந்து ஒரு புதுப்பானை வாங்கி, அதில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினாள். எங்கள் வீட்டு மீன் வாசம் படாத பானை, தைரியமாகக் குடியுங்கள் என்றாள். அத்தை அந்தத் தண்ணீரை உடனே குடித்தாள். பதிலுக்குத் தூக்குச்சட்டியில் இருந்த புளியோதரையை இலையில் வைத்துக் கொடுத்தாள். அது சாயங்காலம் ஒரு கருப்பட்டி வட்டாகத் திரும்பி வந்தது. இரண்டு மூன்று நாட்களில் அவர்கள் இருவரும் அடுத்தடுத்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்போல ஆகிவிட்டார்கள். ஒருத்தி சொந்த ஊரைத் தாண்டாதவள், மற்றவள் தோணியில் கொழும்புவரை போய்வந்தவள். பேசுவதற்கு என்ன இருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. பக்கத்தில் போனால் இருவரும் தங்கள் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அங்கிருந்து உவரி, பிறகு கன்னியாகுமரி. எங்கே கரை நன்றாக இருக்கிறதோ அங்கே வண்டியை நிறுத்திக் கூடாரம் அடித்தோம். காலையில் கிழக்கிலிருந்து வெயில் கூடாரத்துக்குள் நேராக வந்து கால்களைச் சுடவைத்து எழுப்பும். உப்புக்காற்றில் என் தலைமுடி கயிறாய்த் திரிந்துபோனது. அத்தை உட்கார்ந்து சிக்கெடுத்துவிடுவாள். கன்னியாகுமரி அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்துப் பக்கம். எல்லையில் சாவடி இருந்தது. கித்தானும் பானையும் பாயுமாக வந்த எங்களைப் பார்த்துச் சேவகர் என்ன கொண்டுபோகிறீர்கள் என்று விசாரித்தார். அத்தை முன்சீட்டிலிருந்து தலையை நீட்டினாள்.

"போறப்போ ஒண்ணும் இல்லய்யா. வாரப்போ காத்து கொண்டுட்டு வருவோம். அதுக்கு வரி உண்டுமா?"

சேவகர் சிரித்துவிட்டுச் சாலைக்குக் குறுக்கே கிடந்த கட்டையைத் தூக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. மார்கழியில் அத்தை ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அன்று முழுக்கப் பேசினாள். மாமா பெண் பார்க்க வந்த கதையை, எத்தனையோ பனிக்காலங்களில் பாதியில் அறுந்துபோன கதையை, கடலில் கால் நனைத்தபடி முழுவதும் சொல்லி முடித்தாள். முடிவில் அவள் சிரித்த சிரிப்பை இருமல் வந்து பிடுங்கவில்லை.

கன்னியாகுமரியில் ஒரு நாள் திடீரென்று ஒரு மழை வந்து பாய்களை நனைத்துவிட்டது. மதியம் படுக்க வேறு விரிப்பு இல்லை. பாத்திரங்களின்மேல் சுற்றியிருந்த ஜமுக்காளத்தை அவிழ்த்து உதறிப் போட்டேன். அத்தை அதன்மேல் படுத்து ஒரு சாம்பார் கொதிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது, பழைய சத்தம் தொடங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்துகொண்டாள். மழை ஈரம்தான் காரணம் என்றோம். அத்தை ஜமுக்காளத்தின் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டே இருந்தாள். பிறகு தானே எழுந்து போய் ஈர மணலில் வெறும் சேலையோடு படுத்துக்கொண்டாள். வெயில் சாய்வதற்குள் மூச்சு இறங்கிவிட்டது.

திரும்பும் வழியில் உபதேசியார் ஊரில் மறுபடி கூடாரம் அடித்தோம். கடை பூட்டிக் கிடக்கிறது, நெசவாளர்கள் காத்திருப்பார்கள், நாளைக்குக் காலையில் புறப்பட வேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். அத்தை சோற்றைப் பிசைந்தபடி, நீங்கள் போங்கள், நான் இங்கேயே இருக்கப் போகிறேன் என்றாள். உபதேசியாரின் மகன் கொழும்பில் இருப்பதால் அவனுடைய ஓலைவீடு சும்மா கிடக்கிறதாம். அதில் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுக்கொள்வாளாம். எல்லாம் அவர்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். கொழுந்தனார் கைகழுவப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளிறியது.

"ஊரு என்னம்மா சொல்லும்? பெத்தவளக் கொண்டுபோயி கடக்கரையில தள்ளிட்டு வந்துட்டாம்னு காறித் துப்ப மாட்டானா?"

"துப்பட்டும் மக்கா. எனக்கு மூச்சு இருக்குல்லா."

"நாங்க என்ன குறை வச்சோம்? அதச் சொல்லு."

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவர் இரண்டு தடவை கேட்டார். குரலில் கோபம்போல இருந்தது, கோபம் இல்லை. சின்ன வயதில் தகப்பனை இழந்து, இந்த ஒருத்தியின் முகத்தைப் பார்த்தே வளர்ந்தவர். அவள் தன்னை வேண்டாம் என்கிறாள் என்று அவருக்குப் பட்டுவிட்டது. மிச்சச் சோற்றைச் சாப்பிடாமல் எழுந்துபோனார்.

நான் கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது அத்தை வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அந்த ஜமுக்காளத்தைக் கன்னியாகுமரியில் விரித்தபோதே தனக்குத் தெரிந்துவிட்டது என்றாள். பனியல்ல, குளிரல்ல. பனிக்குப் பயந்து கதவையும் சன்னலையும் அடைத்துப்போட்டுக்கொண்டு, அடுக்கிவைத்த நூலின் பஞ்சுத்தூசியை மூன்று மாதம் முழுக்க மூச்சாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதிலும் சாய்ந்துகொள்ள அந்தப் பேலையே தேடிப் போயிருக்கிறாள். கோடையில் கதவு திறந்து கிடக்கும், காற்று தூசியைக் கொண்டுபோய்விடும், அதனால் நன்றாக இருந்திருக்கிறாள். இவ்வளவுதான் விஷயம். நான் உடனே அவரிடம் சொல்வோம் என்று எழுந்தேன். அத்தை என் சேலையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஏட்டி, அவங்கிட்ட சொன்னா நாளைக்கே கடையத் தூக்கிருவான். அந்தக் கடை போயிட்டா அப்புறம் ரெண்டு பயலும் என்ன செய்வானுவ? நான் இங்கன கொஞ்ச நாள் கிடந்துட்டு வாரேன். மனசு ஆறிரும் அவனுக்கு."

சொல்லாதே என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கவில்லை. அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மூன்று பேராகத் திரும்பினோம். அத்தை உட்கார்ந்த முன்சீட்டில் யாரும் உட்காரவில்லை. சங்கரன்கோவிலில் அம்மா எங்கே என்று கேட்காதவர் கிடையாது. திருச்செந்தூரில் விரதமிருக்கிறாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்; யாரும் நம்பவில்லை. மருமகள் வந்து இரண்டு வருஷத்துக்குள் கிழவியைக் கிளப்பிவிட்டாள் என்று ஒருத்தி என் காதுபடவே பேசினாள். நான் கவலைப்பட்டது அதற்கல்ல. அவர் சாப்பாட்டில் பாதியை இலையிலேயே ஒதுக்கிவிட்டு எழுவார். கடையிலிருந்து உள்ளே வரும்போதெல்லாம், ஆளில்லாத அந்தப் பேலைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொள்வார். என் மனசு ஆறவில்லை; அவருடையது எப்படி ஆறும்?

ஒரு நாள் உச்சி நேரத்தில், கடையில் ஆளில்லாதபோது, அவரைப் பட்டாசாலைக்குக் கூப்பிட்டேன். கதவுகளைச் சாத்தினேன். கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். அதன் வழியாக வெயில் ஒரு தூண்போல உள்ளே இறங்கும். விளக்குமாற்றின் அடிப்பக்கத்தால் அத்தையின் பேலை இரண்டு அடி அடித்தேன். அவர் என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு வெயிலைப் பார்த்தார். அந்த வெளிச்சத் தூண் முழுவதும் பஞ்சு நுண்ணிழைகள் எழும்பி, அடங்காமல், மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. அத்தை கிணற்றடியில் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பேல்மேல் உட்காரப் போனவர் சட்டென்று விலகித் தரையில் உட்கார்ந்தார். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. ஏன் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. "எங்கம்மைக்கு எம்மேல கோவம் இல்லயே?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கடையை மூடவில்லை. அத்தை நினைத்ததைவிட விவரமான பிள்ளைதான். சந்தைக்குப் போகும் தெருவில் ஒரு சரக்குக் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து, வண்டி வண்டியாகப் பேல்களை அங்கே கொண்டுபோனார்கள். வியாபாரமும் அங்கேயே போயிற்று. காலியான பட்டாசாலையைப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு பெரிய அறை என்று எனக்குத் தெரிந்தது. சுவரிலிருந்து விட்டம்வரை ஒட்டடை அடித்து, தண்ணீர் விட்டுக் கழுவி, சுண்ணாம்பு அடித்தோம். அண்ணனும் தம்பியும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அடித்த சுண்ணாம்பு, திட்டுத்திட்டாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு முன்னால் வேனை எடுத்துக்கொண்டு போனோம். அத்தை ஓலைவீட்டு வாசலில் உட்கார்ந்து உபதேசியார் சம்சாரத்தோடு பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. எழுந்து வந்த வேகத்தைப் பார்த்து, சங்கரன்கோவிலில் பனிக்காலத்தில் இவள் இப்படி நடந்ததே இல்லையே என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் சொல்ல வேண்டியதையெல்லாம் வழிநெடுக யோசித்து வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் நூலையெல்லாம் வீட்டைவிட்டு எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். அத்தை முதலில் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு மகனிடம், "கடை?" என்று கேட்டாள்.

"கடை நல்லாருக்கு. சந்தைத் தெருவுல இருக்கு. நீ வந்து பாரு."

அத்தை அவருடைய தாடையைப் பிடித்து, அதில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். அன்றைக்கே எங்களோடு புறப்பட்டு வந்துவிட்டாள். அந்தத் தை மாதக் குளிரில் வீட்டுக்குள் மெல்லிய இருமல் இருந்தது; இளைப்பு இல்லை. பாயை விரித்துத் தரையில் படுத்தாள். விசாரிக்க வந்த பெண்கள் எல்லோரிடமும், மருமகள்தான் மூட்டைமூட்டையாக வியாதியை வெளியே தள்ளினாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என்னைக் குறை சொன்னவளிடம் இரண்டு தடவை சொன்னாள்.

இப்போது அந்தக் கரைக்குத் தார்ச்சாலை இருக்கிறது. என் பேரன் காரில் கூட்டிக்கொண்டு போனான். சங்கரன்கோவிலில் காலையில் காபி குடித்துவிட்டுப் புறப்பட்டு, மதியத்துக்கு முன் உவரி போய்விட்டோம். தேரியில் எந்தச் சக்கரமும் புதையவில்லை. உபதேசியார் ஊரைத் தாண்டும்போது இங்கேதான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கார் அதைக் கடந்துவிட்டது. திரும்பிப் போகட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சங்கரன்கோவிலிலும் கைத்தறிச் சத்தம் போய் விசைத்தறிச் சத்தம் வந்து நாளாகிவிட்டது. என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் போய்விட்டார்கள். அத்தையைப் பற்றிச் சொன்னால் கேட்பவர்கள் எல்லோரும், நல்லவேளை, காரணத்தைக் கண்டுபிடித்தீர்கள் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் நான் அவளை நினைக்கும்போது முன்னால் வருவது அதற்கடுத்த மார்கழி.

அந்த வருஷம் கோடை, ஆடி, ஐப்பசி மழை எல்லாம் அவளுக்குச் சுகமாகவே போயின. கார்த்திகையில் பனி இறங்கியது. இளைப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்ததும் அம்மையின் அறைப்பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, பெருமையோடு வெளியே வருவார். மார்கழி பிறக்கும் சமயத்தில் ஒரு காலை, அத்தை இரண்டு சேலைகளையும் திருநீற்றுப் பையையும் ஒரு துணியில் முடிந்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள். உபதேசியார் ஊருக்குப் போகவேண்டும், தம்பியை வண்டி எடுக்கச் சொல் என்றாள். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சுற்றிலும் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தார், சுத்தமான தரையைப் பார்த்தார்.

"இப்பதான் தூசி துப்பட்டை ஒண்ணும் இல்லயேம்மா. மூச்சும் நல்லாத்தான இருக்கு?"

"தூசிக்காவப் போகலடே," என்றாள் அத்தை. "எனக்குப் போகணும்போல இருக்கு."

மாமா செத்த நாளிலிருந்து அவள் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. பிள்ளைகளுக்காக, கடைக்காக, தெருவுக்காக, கடைசியில் வியாதிக்காக என்றுதான் அவள் எதையும் செய்திருக்கிறாள். எனக்கு என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான். மறுத்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் மறுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தம்பியைக் கூப்பிடப் போனார். வேன் வந்ததும் புதுப்பாய் ஒன்றையும் அரிசி மூட்டையையும் தானே ஏற்றினார். உபதேசியார் சம்சாரத்துக்கு என்று நான் சுட்ட முறுக்கைக் கொண்டுவந்து கொடுத்தேன். அத்தை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, போய்ட்டு வாரேன் என்று என்னிடம்கூட ஒழுங்காகச் சொல்லாமல், முன்னால் இருக்கும் ரோட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

வண்டி போன பிறகும் அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நாலைந்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல வியாபாரம் நடக்கும் நாளில், பட்டப்பகலில் கிட்டங்கியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சேலை மாற்றிக்கொண்டு புறப்படு என்றார். பஸ் நிலையத்தில் எங்களைப் பார்த்த நெசவாளர் ஒருவர், அண்ணாச்சி கடையைப் பூட்டிக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டீர்கள், ஏதும் துக்கமா என்று கவலையோடு விசாரித்தார்.

"துக்கம் ஒண்ணும் இல்ல வே," என்றார் என் வீட்டுக்காரர். "எங்கம்மை கடக்கரையில இருக்கா. நாங்களும் ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்னு போறோம்."